ஸ்டைல் மாறினால் கூலியும் பேசப்பட வேண்டும்

கேள்வி: திருப்பூரில் ஏழு ஆண்டுகளாகப் பெண்களுக்கான நைட்டி, குர்தி வகைகளைத் தைத்து, இணையத்தில் விற்கும் இரண்டு பிராண்டுகளுக்குக் கொடுத்து வருகிறேன். மொத்தம் 46 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் 31 பேர் பெண்கள். தையலர்களுக்குப் பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி), செக்கிங், அயனிங், பேக்கிங் ஆட்களுக்கு ஷிப்ட் சம்பளம். 14 பேர் ஒரு கான்ட்ராக்டர் மூலம் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். சென்ற மாதம் ஒரு புதிய ஸ்டைலின் ரேட்டும் டேமேஜ் பிடித்தமும் சரியில்லை என்று சொல்லித் தையலர்கள் இரண்டு நாள் மெஷினில் உட்காரவில்லை. 3,000 பீஸ் தாமதமானதால் பிராண்டுக்காரர்கள் பீஸுக்கு 12 ரூபாய் குறைத்துவிட்டார்கள். தீபாவளி போனஸிலிருந்தே மனக்கசப்பு இருக்கிறது. இனி இப்படி நடக்காமல் இருக்க எல்லோரிடமும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கலாமா? முன்னின்று பேசிய இரண்டு பெண்களை நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, திருப்பூர் (கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது)

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முத்திரைத்தாளை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். வேலையை நிறுத்த மாட்டேன், சங்கத்தில் சேர மாட்டேன் என்று தொழிலாளியிடம் எழுதி வாங்குவதால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. சங்கம் சேரும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவிலிருந்து வருவது. சங்கத்தில் சேரக் கூடாது என்பதை வேலைக்கு நிபந்தனையாக வைப்பதை, நியாயமற்ற தொழில் நடைமுறை என்றே தொழிலுறவுச் சட்டம் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே நாளை வழக்கு என்று வந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்தத் தாளே உங்களுக்கு எதிரான முதல் சாட்சியாக இருக்கும்.

அந்த இரண்டு பெண்களையும் நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்; மெஷின்கள் ஏன் நின்றன என்று உங்களால் எனக்கு எழுத முடிந்ததே அவர்கள் இருவரும் வந்து காரணத்தைச் சொன்னதால்தான். அவர்களை அனுப்பிவிட்டால் அடுத்த முறை யாரும் வந்து பேச மாட்டார்கள். திங்கட்கிழமை காலையில் பாதி மெஷின்கள் காலியாக இருப்பதைப் பார்த்துத்தான் நீங்கள் விஷயத்தைத் தெரிந்துகொள்வீர்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தின்படி, எந்த நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது; பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சொல்லிவைத்து விடுப்பு எடுப்பதுகூட வேலைநிறுத்தம்தான். அப்படிப் பார்த்தால் சட்டம் உங்கள் பக்கம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அதை வைத்து நடவடிக்கை எடுக்கப் போனால், அதை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரியின் மேசைக்கே உங்கள் கூலிப் பதிவேடும் போனஸ் கணக்கும் வந்துசேரும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவை இரண்டும் இப்போது காட்டக்கூடிய நிலையில் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோவையிலும் திருப்பூரிலும் தொழிலாளர் வழக்குகளை நடத்தி வந்ததில் எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிந்தது ஒன்றுதான். நூற்பாலையில் 40ஆம் நம்பர் நூல் ஆண்டு முழுவதும் அதே நூல்தான். கூலியைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பேசினால் போதும். ஃபேஷன் தொழிலில் மூன்று வாரத்துக்கு ஒரு ஸ்டைல் மாறுகிறது. கழுத்துப் பட்டியில் ஒரு பைப்பிங் கூடுகிறது, கையில் ஒரு சுருக்கம் வருகிறது, பாக்கெட் பக்கவாட்டுத் தையலுக்குள் போகிறது. பீஸ் ரேட் முறையில் இவை ஒவ்வொன்றும் ஒரு புதிய கூலிப் பேச்சுவார்த்தை. நீங்கள் அதை டிசைன் மாற்றமாகப் பார்க்கிறீர்கள். தையலர் அதை இந்த வாரச் சம்பளமாகப் பார்க்கிறார். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நீங்களே ஒரு தொகையைச் சொல்லிவிடுவதால், அந்தப் பேச்சு ஷிப்மெண்டுக்கு இரண்டு நாள் முன்பு வேலை நிறுத்தமாக வந்து நிற்கிறது.

புதிய ஸ்டைலுக்கு ரேட் போடும் வழக்கமான முறையை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பிள் தையலர் ஒரு பீஸைத் தைக்கிறார், சூப்பர்வைசர் நேரம் பார்க்கிறார், அதிலிருந்து ரேட் வருகிறது. சாம்பிள் தையலர் என்பவர் உங்களிடம் இருப்பவர்களிலேயே கை வேகம் அதிகமுள்ளவர். அவருக்கு நூல் மாற்றவும் பண்டல் (வெட்டிய துணிகளின் கட்டு) எடுக்கவும் ஆள் இருக்கும். உதாரணத்துக்கு நாள் கூலி 600 ரூபாய் என்றும், எட்டு மணி நேரத்தில் ஊசி, நூல், பண்டல் மாற்றும் நேரம் போகத் தைக்கும் நேரம் 440 நிமிடம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும்) வேலையைச் சாம்பிள் தையலர் 125 விநாடியில் முடிக்கிறார் என்றால், நாளுக்கு 211 பீஸ் என்று கணக்கிட்டு நீங்கள் 2 ரூபாய் 85 காசு ரேட் வைப்பீர்கள். அதே வேலைக்கு நடுத்தர வேகமுள்ள தையலருக்கு 165 விநாடி பிடிக்கிறது. அவர் நாள் முழுக்கத் தலை நிமிராமல் உட்கார்ந்தாலும் 160 பீஸ்தான் வரும். அவர் கைக்குப் போவது 456 ரூபாய். நேற்று வரை பழைய ஸ்டைலில் 600 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு இன்று 144 ரூபாய் குறைந்தால், அதை அவர் டிசைன் மாற்றம் என்று எடுத்துக்கொள்வாரா? நியாயமான ரேட் 3 ரூபாய் 75 காசு. ஒரு பீஸில் இப்படி ஆறு வேலைகளில் சேர்த்து மூன்று ரூபாய் விடுபட்டிருந்தாலும், 3,000 பீஸுக்கு உங்களுக்கு ஆகியிருக்கும் கூடுதல் செலவு 9,000 ரூபாய். பிராண்டுக்காரர்கள் குறைத்துக்கொண்டது 36,000 ரூபாய்.

ஆகவே ரேட் போடும்போது மூன்று தையலர்களை உட்கார வையுங்கள்: வேகமானவர் ஒருவர், நடுத்தரமானவர் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர். மூவரையும் அவர்களுடைய மெஷினிலேயே, லாட்டுக்கு (மொத்தமாகத் தைக்கும் தொகுதிக்கு) வரப்போகும் அதே துணியில் இருபது இருபது பீஸ் தைக்கச் சொல்லி, நடுவில் வரும் நேரத்தை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் விஸ்கோஸ் துணிக்கும் கெட்டியான காட்டன் துணிக்கும் ஒரே ரேட் போடுவது பலர் செய்யும் தவறு. ஒரு புதிய ஸ்டைலின் முதல் இரண்டு நாளில் யார் கையும் ஓடாது என்பதால், அந்த இரண்டு நாளுக்கு பீஸ் கணக்கு பார்க்காமல் நாள் கூலியை உறுதி செய்யுங்கள். இதைச் சலுகையாக நினைக்க வேண்டாம். குறைந்தபட்சக் கூலி நேர அடிப்படையில் மட்டும் நிர்ணயிக்கப்பட்டிருக்கும் வேலையில், பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கும் அந்த நேரக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய கூலித் தொகுப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவிலும் இருக்கிறது. பீஸ் குறைந்தால் கூலி எவ்வளவு வேண்டுமானாலும் குறையலாம் என்ற எண்ணம் சட்டத்தில் எங்கும் இல்லை.

முடிவான ரேட்டை, கட்டிங் தொடங்கும் முன்பே வேலை வாரியாக எழுதி, தேதியும் ஸ்டைல் எண்ணும் போட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். தமிழில் ஒன்று, ஒடியாவில் ஒன்று. லாட் ஓடும்போது ரேட்டைக் குறைக்கக் கூடாது. ரேட் தவறென்று தெரிந்து கூட்டினால், முதல் பீஸிலிருந்தே கூட்டிக் கொடுத்துவிடுங்கள்.

பீஸ் எண்ணிக்கையும் இதே கதைதான். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சமரசப் பேச்சுவார்த்தையில் உரிமையாளர் தம் டைரியை விரித்தார். எதிரே இருந்த அம்மா ஒரு பழைய பள்ளி நோட்டை விரித்தார். நான்கு வாரக் கணக்கில் இரண்டுக்கும் 212 பீஸ் வித்தியாசம். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை: ஆல்டர் ஆகி, அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்பி வந்த பீஸ்களை உரிமையாளர் கழித்திருந்தார், அந்த அம்மா கழிக்கவில்லை, அவை கழிக்கப்படும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பண்டல் ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சீட்டு வைத்து, ஒரு பாதியைத் தையலரிடமே கொடுத்துவிட்டால் இந்த வழக்கு வந்திருக்காது. நோட்டில் தாமே கணக்கு எழுதும் தையலரைக் கண்டு எரிச்சல்படும் உரிமையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணக்கைக் காசில்லாமல் சரிபார்த்துத் தருபவர் அவர்.

டேமேஜ் பிடித்தத்தைப் பொறுத்தவரை, உங்கள் நிலை பலவீனமானது என்பதைச் சொல்லியாக வேண்டும். கூலியிலிருந்து எவற்றைப் பிடிக்கலாம் என்று சட்டம் ஒரு மூடிய பட்டியல் தருகிறது. சேதத்துக்காகப் பிடிக்க வேண்டுமென்றால் பொருள் அந்தத் தொழிலாளியின் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், சேதம் அவருடைய கவனக்குறைவால் நேரடியாக வந்திருக்க வேண்டும், பிடிக்கும் முன் அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை சம்பளக் கவரைக் கையில் கொடுத்துவிட்டு, அதில் 340 ரூபாய் டேமேஜுக்குப் போய்விட்டது என்று சொல்வது இவற்றில் எதற்குள்ளும் வராது. அபராதம் என்று பெயர் மாற்றினாலும், அதற்கும் முன் விசாரணை வேண்டும். அந்தக் காலக் கூலியில் மூன்று சதவீதத்துக்கு மேல் போகவும் கூடாது.

ஆனால் சட்டத்தை விட்டுவிட்டு வெறும் தொழிலாகப் பார்த்தாலும் இந்தப் பிடித்தம் உங்களுக்கே நஷ்டம். ஒரு பீஸ் டேமேஜ் ஆவதற்குக் காரணங்கள் பல: சாயப்பட்டறையிலிருந்தே ஷேடு மாறி வந்திருக்கலாம், கட்டிங்கில் அளவு தவறியிருக்கலாம், மழுங்கிய ஊசி நிட் துணியில் ஓட்டை போட்டிருக்கலாம், மெஷின் எண்ணெய் கசிந்திருக்கலாம். இவை எதிலும் தையலரின் பங்கு இல்லை. கடைசி செக்கிங்கில் ஒரே குவியலாகப் பிரித்துப் பணம் பிடிக்கும்போது இந்தக் காரணங்கள் எல்லாம் புதைந்துபோகின்றன. மழுங்கிய ஊசி அடுத்த லாட்டிலும் அதே ஓட்டையைப் போடுகிறது. லைனிலேயே ஒரு செக்கரை நிறுத்தி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பண்டலைப் பார்த்து, தவறு இருந்தால் அப்போதே அந்தத் தையலரிடம் காட்டச் சொல்லுங்கள். தையலரின் தவறென்றால் அவரே பிரித்துத் தைத்துக் கொடுக்கட்டும். தனிக் கூலி வேண்டாம், பிடித்தமும் வேண்டாம். மற்றக் காரணங்களால் வரும் ஆல்டருக்குத் தனி ரேட் போட்டுக் கொடுங்கள். எது யார் கணக்கு என்பதை முன்பே எழுதி, ரேட் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

ஒன்றரை ஷிப்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் அடுத்த பிரச்சினை அங்கிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன். காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை வேலை வாங்கி ஒன்றரை ஷிப்ட் சம்பளம் கொடுப்பது நம் ஊரில் ஊறிப்போன வழக்கம். எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். நாள் கூலி 600 என்றால், வழக்கப்படி 900 கொடுக்கிறோம். சட்டப்படி 1,200 கொடுக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்குத் தொழிலாளியின் சம்மதமும் வேண்டும். ஊரெல்லாம் இப்படித்தானே என்று கேட்பீர்கள். ஊரெல்லாம் இருக்கும் கடன், யாராவது ஒருவர் கேட்கும் வரைதான் கடன் போலத் தெரியாது. உடனே முழுவதையும் மாற்ற முடியவில்லையென்றால், ஷிப்மெண்ட் வாரங்களில் மட்டுமாவது கூடுதல் நேரத்தை அளந்து, இரட்டிப்பாகக் கொடுத்து, அந்தச் செலவைப் பிராண்டிடம் சொல்லும் விலையில் சேர்க்கப் பழகுங்கள்.

போனஸில் நீங்கள் சிலருக்கு 5,000 ரூபாயும், சிலருக்கு இனிப்புப் பெட்டியும் துணியும் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பீஸ் ரேட் ஆட்களுக்கு போனஸ் கிடையாது என்ற நம்பிக்கை தவறானது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஆண்டில் 30 நாளாவது வேலை செய்தவருக்கு, சட்டம் சொல்லும் சம்பள வரம்புக்குள் வருகிற வரை, குறைந்தபட்சம் 8.33 சதவீதம் உண்டு. அது ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி. கணக்கில் எடுத்துக்கொள்ளும் கூலிக்கு மட்டும் ஒரு உச்சவரம்பு இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் பணம் தேடினால் கிடைக்காது. மாதா மாதம் கூலிப் பட்டியலில் அந்தப் பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். அவரவர் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைச் சீட்டில் காட்டுங்கள். இனிப்புப் பெட்டியை அதற்கு மேல் கொடுங்கள், அதற்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள்.

ஒடிசாவிலிருந்து வந்த 14 பேரின் கூலியை இப்போது கான்ட்ராக்டரிடம் மொத்தமாகக் கொடுப்பதாகத் தெரிகிறது. அவர் கொடுக்காமல் போனால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். கூலியை அவரவர் வங்கிக் கணக்கில் நேராகப் போடுங்கள். கான்ட்ராக்டருக்குரிய கமிஷனைத் தனியாகக் கொடுங்கள். ஊரிலிருந்து வரும்போது கொடுத்த முன்பணத்தைத் தவணையாகப் பிடிக்கலாம். ஆனால் முன்பணம் தீரும் வரை போகக் கூடாது என்று யாரையும் தடுத்தால், அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் போய்விடும். இதை உங்கள் சூப்பர்வைசருக்கும் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் முதலாளி சொல்லாததையும் சொல்பவர்கள் அவர்கள்தான்.

பி.எஃப். பிடித்தம் தொடங்கப் போவதாகவும், அதை எப்போது அறிவிப்பது என்று தயங்குவதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 2016 ஏப்ரலில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இரண்டு நாள் சாலையை அடைத்து நின்றது நினைவிருக்கலாம். அவர்களை எந்தச் சங்கமும் அழைத்து வரவில்லை. கூலி உயர்வும் அவர்கள் கேட்கவில்லை. பி.எஃப். பணத்தை எடுப்பதில் மத்திய அரசு கொண்டுவந்த கட்டுப்பாடுதான் காரணம். இரண்டாம் நாளே அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மகளின் கல்யாணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் என்று அவர்கள் மனத்தில் பிரித்து வைத்திருந்த பணம் அது. பிடித்தம் தொடங்கும் மாதத்துக்கு முன்பே, கையில் வருவது எவ்வளவு குறையும், நீங்கள் போடும் பங்கு எவ்வளவு, எப்போது எடுக்கலாம் என்பதை ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்களாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஏழு ஆண்டாக ஏன் பிடிக்கவில்லை என்று யாராவது கேட்பார்கள். அதற்கும் பதிலோடு போங்கள்.

20 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குறைதீர்க்கும் குழு அமைக்க வேண்டியது கட்டாயம். இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல், பெண்கள் அவர்களின் விகிதத்துக்குக் குறையாமல். உங்கள் இடத்துக்கு ஆறு பேர் போதும்: உங்கள் பக்கம் மூவர், அவர்கள் பக்கம் மூவர், அந்த மூவரில் இருவர் பெண்கள், முடிந்தால் ஒருவர் ஒடியா பேசுபவர். பல நிறுவனங்களில் இந்தக் குழு ஆய்வுக்கு வருபவருக்குக் காட்டும் கோப்பாக மட்டும் இருக்கிறது. உங்கள் குழுவுக்கு ஓர் உண்மையான வேலை கொடுங்கள்: அடுத்த ஸ்டைலின் ரேட்டை அதுதான் பார்த்துச் சொல்ல வேண்டும். சம்பள நாளான சனிக்கிழமையில் கூட்டாதீர்கள், புதன்கிழமை நல்லது. அவர்கள் பக்க மூவரை நீங்கள் பொறுக்கக் கூடாது.

பாலியல் தொந்தரவு பற்றிய புகார்களுக்கு இந்தக் குழு போதாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியாள் ஒருவரோடு கூடிய உள்ளகக் குழு தனியாக வேண்டும். 2022இல் திண்டுக்கல்லில் ஓர் ஆடை நிறுவனமும், பெண்கள் தலைமையிலான தொழிலாளர் சங்கமும், வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, ஒரு பெண் தொழிலாளியின் கொலைக்குப் பிறகு வந்தது. லைனில் உடன் வேலை செய்யும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களிடம் புகார் சொல்ல வழி செய்தார்கள். கேலி, வசவு, கழிப்பறைக்குப் போகவிடாமல் தடுப்பது போன்றவை கூலிச் சண்டையின் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். ரேட் என்ற பெயரில் வெடிக்கும். உங்கள் சூப்பர்வைசரின் வாயைப் பற்றியும் அந்த இரண்டு பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

‘நான் எந்த உற்பத்தியாளர் சங்கத்திலும் இல்லை, ஆகவே ஊர்க் கூலி ஒப்பந்தம் என்னைக் கட்டுப்படுத்தாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1984இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கூலி உயர்வைப் பேசி முடிக்கும் வழக்கத்தின் அருமை, அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டவர் நீங்கள் இல்லையென்றாலும், அந்த ஒப்பந்தத்தில் உயர்வு எவ்வளவு என்பது உங்கள் தையலர்களுக்கு அன்று மாலையே டீக்கடையில் தெரிந்துவிடும். அதைவிடக் குறைவாக நீங்கள் கொடுத்தால், அவர்கள் சண்டை போட வேண்டியதுகூட இல்லை, எதிர்த் தெருவுக்குப் போனால் போதும்.

கடைசியாக, முதலில் செய்ய வேண்டியது ஒன்று. கூலி தொடர்பான கோரிக்கைகளை மூன்று ஆண்டுக்குள் எழுப்பலாம். அதிகாரி கோரிக்கைத் தொகையோடு பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க முடியும். டேமேஜ் என்று பிடித்த தொகைகள் உங்கள் டைரியிலேயே இருக்கின்றன. விளக்கம் கேட்காமல் பிடித்தவற்றையெல்லாம் கூட்டி, அவரவர் பெயரில் சீட்டு எழுதி, குழுவின் முதல் கூட்டம் நடக்கும் புதன்கிழமைக்கு முன்பே கணக்கில் போட்டுவிடுங்கள். அதன் பிறகு அடுத்த ஸ்டைலின் சாம்பிளை மேசையில் வைத்து, அந்த இரண்டு பெண்களையும் உட்காரச் சொல்லி, ஓவர்லாக்கிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.